நவக்கிரகம் சுற்றிய ஆமை

தெரியாததைச் சொல்லிக்கொடுக்கப் போனால் மானம் மட்டும்தான் போகும். பாதி தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கப் போனால் ஆட்டோ காசும் சேர்ந்து போகும். எனக்கு இரண்டும் ஒரே நாளில் போயின.

மகள் பிறந்தபோது வேலையை விட்டவள், அவள் மிடில் ஸ்கூலுக்குப் போன பிறகு முதன்முதலாக ஒரு வேலை கேட்டுப் போனேன். அடையாறில் சின்னப் பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லித்தரும் ஒரு சென்டர். டெமோ கிளாஸ் நன்றாக எடுத்தால் வேலை. அந்த வேலை எனக்கு ரொம்ப வேண்டியிருந்தது.

திரையில் ஓர் ஆமை இருக்கும். ‘நேராகப் போ, திரும்பு’ என்றால் கோடு போட்டபடி போகும். நிறங்களை ஒரு பட்டியலாக எழுதி, ‘ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு போட்டுத் திரும்பு’ என்று லூப், அதாவது திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை, கொடுத்தால் போதும். நான்கு நிறம், தொண்ணூறு டிகிரி. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு லேப்டாப்பில் சதுரம் ஜோராக வந்தது. கிளாஸிலும் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முன்வரிசைச் சிறுமி, “மிஸ், தேன்கூடு மாதிரி ஆறு பக்கம் வருமா?” என்றாள்.

“ஓ, வருமே!” என்றேன். அறுகோணத்தின் மூலை நூற்றிருபது டிகிரி. (கணக்கில் சென்டம் வாங்கியவளாக்கும். அந்தத் திமிர்.) பட்டியலில் ஆறு நிறம், திரும்புவதற்கு நூற்றிருபது.

ஆமை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கோடு போட்டது. முக்கோணம். பிறகு அதன் மேலேயே நீலம், ஊதா, கறுப்பு.

“மிஸ், முதல்ல போட்ட மூணு கலர் எங்க போச்சு?”

நிறம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள்.) வாயில் வந்த நிறத்தையெல்லாம் பட்டியலில் சேர்த்தேன். ஆமை அதே முக்கோணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அப்பா, “என்ன மேடம், நவக்கிரகம் சுத்துதா?” என்றார். சென்டர் நடத்தும் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிளாஸ் முடிந்ததும் வெளியே வந்து வீட்டுக்கு ஆட்டோ பேசினேன்.

ஆட்டோவில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மண்டைக்குள் ஒரே குடைச்சல்: ஏன் முக்கோணம்? ரோடு லேசாக வளையும் இடத்தில் டிரைவர் ஹேண்டிலைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினார். அட! மூலை எவ்வளவு அகலம் என்பது ஆமைக்கு எதற்கு? நேராகப் போகிற வழியிலிருந்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதுதானே கணக்கு? நூற்றெண்பதில் நூற்றிருபது போனால்...

“அறுபது!” என்று கத்திவிட்டேன்.

வண்டி கிறீச்சென்று நின்றது. “இன்னா மேடம், நூத்தம்பது பேசித்தானே ஏறினே? பாதி வழியில அறுபதுன்றியே!”

“ஐயோ, உங்களுக்கு இல்லண்ணா, ஆமைக்கு!”

அவர் பதறிப்போய்ப் பின் சீட்டை எட்டிப் பார்த்தார். “ஆமையா? எங்க கீது?”

வண்டியைத் திருப்பச் சொன்னேன். நூத்தம்பது முந்நூறானது. பிள்ளைகள் போய்விட்டார்கள்; அந்த அம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சி உள்ளே போய், பட்டியலில் பழைய ஆறு நிறத்தை மட்டும் விட்டு, அறுபது போட்டேன். ஆறு பக்கம், ஆறு நிறம், ஒன்றும் காணாமல் போகவில்லை.

“திங்கள்கிழமைலேருந்து வாங்க,” என்றார். “ஆனா முதல் கிளாஸ்ல அந்த முக்கோணத்தையே போடுங்க. மூணு கலர் எங்க போச்சுன்னு கேட்டுக்கிட்டேதான் எல்லாப் பிள்ளைங்களும் வீட்டுக்குப் போச்சு.”

இப்போதும் அந்த முக்கோணத்தில்தான் ஆரம்பிக்கிறேன். குடும்பத்தோடு ஆட்டோவில் போகும்போது மட்டும் பேரம் பேச என்னை விடுவதில்லை. என் கணவர் பேசி முடித்து, ஏறும்போது டிரைவரிடம் மறக்காமல் சொல்வார்: “போற வழியில இவங்க ஏதாவது நம்பர் சொன்னா கண்டுக்காதீங்க. அது ஆமைக்கு.”