ஒரே ஒரு பற்சக்கரத்துக்காக

மனிதருள் இயந்திர மீட்பாளர் என்றோர் இனம் உண்டு. ஆற்றில் விழுந்தவரை மீட்பவர் அல்லர் இவர். பழைய இரும்புக் கடையில் விழுந்த இயந்திரத்தை மீட்பவர்.

நாம் காணப்போகும் மீட்பாளர் காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். தாம் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டதும், துருவும் பிசுக்கும் பறவை எச்சமும் கலந்து இன்ன நிறம் என்றே சொல்ல முடியாததும், மறுநாள் உலைக்குப் போகவிருந்ததுமான ஒரு லேத்து இயந்திரத்தைக் கண்டதும், காணாமற்போன அண்ணனைக் கண்டவர்போல் நின்றுவிட்டார். எட்டு ஆட்கள் அதைத் தூக்கி வந்து முன்னறையில் இறக்கினார்கள். ஒரே நாளில் பிரித்துவிட்டார். பிரிப்பதில் மீட்பாளருக்கு நிகர் மீட்பாளரே. பூட்டுவதா? அதற்கென்ன அவசரம்?

ஒரு பற்சக்கரம் உடைந்திருந்தது. ஆகவே, அதே வகை லேத்து இன்னொன்றும் வந்து சேர்ந்தது.

“ஒரு சக்கரத்துக்கு ஒரு முழு மெஷினா?” என்றார் மனைவி.

“அதை மட்டும் கழட்டிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துடுவேம்மா.”

கழற்றப் போனவர் வரிசை எண்ணைத் துடைத்துப் பார்த்தார். இது முன்னதைவிட நான்காண்டு மூத்தது! மூத்ததன் உறுப்பை எடுத்து இளையதற்கு வைப்பது எந்த ஊர் நியாயம்? அதையும் பிரித்தார், துடைப்பதற்காக மட்டுமே. இரண்டு இரும்பு மேடைகள் மொட்டையாக நின்றன. மற்றவை யாவும் நாற்பத்தேழு டப்பாக்களில் மண்ணெண்ணெயில் ஊறின.

மனைவிக்கோ அந்த அறை வேண்டும். நெடுங்காலமாக எண்ணியிருந்த தையல் வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது. ஆறு பெண்களுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணையாவது முடிச்சுக் காட்டுங்க. இல்லன்னா ரெண்டும் வந்த வழியே போயிடும். திங்கக்கிழமை காலையில வரச்சொல்லி அந்த எட்டு பேருக்கும் சொல்லியாச்சு.”

மீட்பாளர் பசியை மறந்து மூன்று நாள் உழைத்தார். மூன்று நாளில் ஒரு கைப்பிடியை முகம் தெரியும்படி மெருகேற்றினார்.

ஞாயிறு மாலை, துணி வெட்டும் பலகையை வைக்க வேறிடம் காணாமல், மனைவி அதை அந்த இரு மேடைகளின்மேல் கிடத்தினார். துணியை விரித்துக் கத்தரியை ஓட்டினார். குனிய வேண்டியிருக்கவில்லை.

“ஏங்க, இது கொஞ்சங்கூட ஆடலியே!”

“எப்படி ஆடும்? அத்தனையும் இரும்பு.”

“அப்போ இதுமேல எதையும் திரும்ப மாட்டித் தொலைச்சிடாதீங்க.”

நாற்பத்தேழு டப்பாக்களில் உள்ளவற்றை இனி ஒருநாளும் பூட்ட வேண்டியதில்லை என்று அறிந்த அம்மனிதரின் முகத்தில் அன்று கண்ட நிம்மதி, மணநாளிலும் கண்டதில்லை என்கிறார் மனைவி.

“ஆறு பேர் சுத்தி நிக்க நீளந்தான் ஒரு முழம் பத்தாது” என்றும் சொல்லிவிட்டார், பாவம்.

அதற்குள் மீட்பாளர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். “காலையில வர்ற ஆளுங்களை நிறுத்திடாதே. இறக்குறதுக்கு வேணும்.”

சிரிக்கிறீர்களா? நன்று. எதிலிருந்து கழன்றதென்றே தெரியாத திருகொன்று உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறதே, அதை இன்று குப்பையில் போடுங்கள், பார்ப்போம். “இருந்துட்டுப் போகட்டுமே” என்கிறீர்களா? அப்படியானால், உங்கள் வீட்டு வாயிலின் அகலத்தை இப்போதே அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.