இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று

"இது ஒரே ஆளோட கையே இல்ல..."

"நான்தானே எடுத்தேன் டாக்டரம்மா, ஒரே ஆள்தான்..."

"பேச விடுங்கண்ணே! இடது கையைப் பாருங்க. விரல் நுனி மூட்டெல்லாம் இடுக்கு சுருங்கி, ஓரத்துல முள்ளு முள்ளா எலும்பு வளர்ந்திருக்கு. இது தேய்மானம். வலது கையில நுனி மூட்டு சுத்தமா இருக்கு. அடி மூட்டும் மணிக்கட்டும்தான் எலி கொறிச்ச மாதிரி இருக்கு. இது முடக்குவாதம். அது ரெண்டு கையிலயும் ஜோடியா வரும். ஒரு கையோட நிக்காது!"

எக்ஸ்ரேக்காரர் வெளிச்சப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது கையாகவே தெரியவில்லை. நிலா வெளிச்சத்தில் இலையுதிர்ந்த இரண்டு மரங்கள், கிளைகள் தொட்டும் தொடாமலும் நின்றன.

"அண்ணே! எங்க போயிட்டீங்க?"

"இங்கதாம்மா இருக்கேன்."

"போன மாசம் ஒருத்தர் முழங்காலை இன்னொருத்தர் உறையில போட்டுக் குடுத்தீங்க. இன்னொரு தடவை படம் மாறினா உங்களுக்குப் பழைய கோப்பு அறைதான்னு பெரிய டாக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்த அறையில் ஜன்னல் கிடையாது. வெளிச்சப் பெட்டியும் கிடையாது.

படத்துக்குரிய நோயாளியான தையல்காரரைக் கூப்பிட்டு மறுபடி எடுத்தார். கூடவே வந்த மனைவி வெளியே போகமாட்டேன் என்றாள். சரியென்று ஈயக் கவசம் ஒன்றைக் கொடுத்துவிட்டு விளக்கைக் குறைத்தார். பலகைமேல் மஞ்சள் சதுரமாக வெளிச்சம் விழுந்தது. ஆளைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இல்லை, சதுரத்தைத்தான் பார்ப்பார். அதற்குள் இரண்டு கைகள் வந்து, தூங்கிப்போன மாதிரி படுத்துக்கொண்டன.

"அசையாதீங்க."

வந்தது அதே படம்.

"வலது கை சின்னதா வேற இருக்கு?"

"வியாதி வந்தா சூம்பிப் போகாதாம்மா?"

டாக்டரம்மா யோசித்தாள். "ரெண்டு காலையும் எடுங்க. முடக்குவாதம்னா அங்கயும் தெரியும்." சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

வலது காலில் விரல் மூட்டுகள் கொறிபட்டிருந்தன. இடது பெருவிரல் மூட்டோரம் குடைந்தெடுத்தாற்போல் ஒரு குழி, அதன்மேல் கூரை நீட்டிய மாதிரி எலும்பு.

"ஐயோ, இது யூரிக் ஆசிட் சேர்ந்து வர்றது!" டாக்டரம்மா மெல்ல உட்கார்ந்தாள். குரலே மாறிவிட்டது. "மூணு வாதம். ஒரே ஆள். இடப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் ஒண்ணு, நடுவுல கோடு கிழிச்ச மாதிரி. உலகத்துலயே முதல் கேஸா இருக்கும்ணே. மாநாட்டுல படிச்சுடலாம். உங்க பேரும் வரும்."

எக்ஸ்ரேக்காரர் மிதந்தார். கோப்பு அறை எங்கோ தூரத்தில் புகையாகக் கரைந்தது. ஒரு மேடை. அதில் வீட்டளவு வெளிச்சப் பெட்டி. அதற்குள் அவருடைய இரண்டு நிலா மரங்கள்.

பெரிய டாக்டர் வந்தார். படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"படம் மாறலையே?"

"சத்தியமா இல்ல சார். ரெண்டு தடவை எடுத்தேன்."

தையல்காரர் இடது காலை நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே மனைவியும்.

"வலது கையில வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்றார் பெரிய டாக்டர்.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"சீட்டுல ரெண்டு கை, ரெண்டு கால்னு எழுதியிருந்துச்சு. இவருக்கு இடப்பக்கந்தான் வலி. வலப்பக்கம் வீணாப் போவானேன்னு நான் வச்சேன். எனக்கு என்னன்னு வந்திருக்கு டாக்டர்?"