விசிறிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி

கணினி பொய் சொல்லாது என்பவர்கள், கணினியோடு பேரம் பேசிப் பார்க்காதவர்கள். நான் பேசியிருக்கிறேன். படிந்தும் வந்தது.

பத்து வருடங்களுக்கு முன் சென்னையில் சிமுலேஷன் வேலை பார்த்தேன். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே கணினிக்குள் அதன் முப்பரிமாண உருவத்தைக் கட்டி, தண்ணீரையோ காற்றையோ அதன்மேல் ஓடவிட்டு, தேறுமா தேறாதா என்று ஜோசியம் சொல்லும் வேலை. (ஜோசியருக்குத் தட்சணை உடனே கிடைத்துவிடும். எனக்கு மாதக் கடைசியில்.)

ஈஸ்டருக்குத் தருவைகுளத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அருள் அத்தானிடம் ஒரு விசைப்படகு உண்டு. படகின் அடியில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் விசிறி ஓரமெல்லாம் அரித்துப்போய், டீசலாகக் குடிக்கிறது என்று புலம்பினார். மூன்றாவது தட்டு பிரியாணியில் இருந்த நான், "புதுசு நான் டிசைன் பண்ணித் தாரேன் அத்தான்" என்றேன்.

"தடைக்காலம் முடியுதுக்குள்ள வந்துருமா மாப்ளே? மொத நாள் கடலுக்குப் போவாட்டா வருசமே போச்சு."

இரண்டு மாதம் யாரும் வலை வீசாத கடலில் முதல் நாள் கிடைப்பது மறுநாள் கிடைக்காது. அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் தலையாட்டினேன்.

விசிறியின் இதழ் தட்டையான தகடு அல்ல. அடியில் நிமிர்ந்து, நுனிக்குப் போகப் போகச் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு போகும். அதைக் குறுக்குவெட்டுத் துண்டுகளாக வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு கோணத்துக்குத் திருப்பி, எல்லாவற்றின் மேலும் தோல் போர்த்தும்படி மென்பொருளிடம் சொல்ல வேண்டும். போர்த்தியது. பிழிந்து போட்ட லுங்கி போல இருந்தது.

ஒரு துண்டு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்ததைக் கண்டுபிடித்தேன். அதைத் திருத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. எதனாலோ அந்த ஒன்றுதான் சரி என்று எனக்குப் பட்டது. மற்ற எல்லாக் கோணங்களுக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டேன். தோல் வழவழவென்று ஒட்டிக்கொண்டது.

தண்ணீரை ஓடவிட்டேன். உந்துவிசை கழித்தலில் வந்தது. படகு பின்னால் போகும் என்று கணினி பச்சையாகச் சொன்னது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கணினிக்குள் விசிறி சுற்றும் திசையை மாற்றிவிட்டு மறுபடி கேட்டேன். கூட்டலில் வந்தது. வண்ணப்படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவர் ஒரு மாதா படம் அனுப்பினார்.

அலுவலகத்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். தூத்துக்குடிப் பட்டறையில் அதை மண்ணில் பதித்து வெண்கலத்தில் வார்த்தார்கள். வெண்கலம் போதவில்லை. பழைய விசிறியையும் உருக்கிச் சேர்த்தார்கள். ("பழசை வச்சு என்ன செய்யப் போறீங்க அத்தான்?" என்று கேட்ட மேதை நான்தான்.)

தடைக்காலத்தின் கடைசி நாள் வெள்ளோட்டம். எங்கள் படகு கடலைப் பார்த்து நின்றது. அதற்குப் பின்னால் ஊர்க்காரர் லூர்து அண்ணனின் படகு, அப்போதுதான் பெயின்ட் காய்ந்து. கரையில் அக்காவும் ஊரும். நான் முகப்பில் நின்று செல்போனில் படம் எடுத்தேன்.

அத்தான் கியரை முன்னால் தள்ளினார்.

"போவுதா மாப்ளே?"

"போவுது அத்தான்!"

திரையில் கடல் தள்ளித் தள்ளிப் போனது. செல்போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"ஏய், பின்னால! பின்னால வருது!" கரையிலிருந்து அக்கா அலறினாள்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். பின்னால் நழுவும் படகை நிறுத்த எந்தப் படகோட்டியும் செய்வதைச் செய்தார்: முன் கியரிலேயே வேகத்தைக் கூட்டினார். படகு பின்னால் பாய்ந்தது.

அந்தக் கழித்தல் குறி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சுற்றும் திசையை நான் மாற்றியது கணினிக்குள்தான்; படகின் என்ஜினுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

"ரிவர்ஸ் போடுங்க அத்தான்! ரிவர்ஸ்!"

"ஏலே, பின்னாலதாம்ல போயிட்டிருக்கோம்! இன்னும் பின்னால போவச் சொல்லுத!"

"போடுங்க, முன்னால போவும்!"

"கிறுக்குப் பயலே!"

லூர்து அண்ணன் தன் படகின் விளிம்பில் நின்று, டன் கணக்கில் வரும் எங்கள் படகைக் கையாலேயே நிறுத்தத் தயாரானார்.

"கைய எடுங்கண்ணே!" என்று கத்திய அத்தான், கண்ணை மூடிக்கொண்டு கியரைப் பின்னால் இழுத்தார்.

படகு நடுங்கியது. அடியில் தண்ணீர் கொதித்தது. லூர்து அண்ணனின் விரல்கள் எங்கள் பலகையைத் தொட்டன. பிறகு, வேண்டா வெறுப்பாக, படகு முன்னால் நகர்ந்தது.

லூர்து அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏலே இன்ஜினியரே, சங்கு மாறிச் சுத்துனா வலம்புரி. கும்பிட்டு வாங்கிட்டுப் போவான். விசிறி மாறிச் சுத்துனா எவம்ல வாங்குவான்?"

கரை சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. விடிந்தால் முதல் நாள். பழைய விசிறியோ உருகிப் புதியதற்குள் கிடந்தது.

மறுநாள் அவர் ரிவர்ஸ் கியரிலேயே கடலுக்குப் போனார். எல்லாப் படகுகளும் அவரைத் தாண்டிப் போயின. கியர் பெட்டி சூடேற, கரைக்குப் பக்கத்திலேயே வலையை இறக்கிவிட்டுத் திரும்பினார். மற்றவர்களுக்கு இறால். அவருக்கு விலைபோகாத காரல் மீன் ஒரு கூடை.

அக்கா குழம்பு வைத்து என் தட்டில் ஊற்றினாள்.

"தின்னு. உன் விசிறி பிடிச்ச மீனு."

முள் அதிகம். (காரலில்தான்.)

பட்டறையில் வேறு விசிறி வார்த்து வருவதற்குள் இறால் கூட்டம் கலைந்துவிட்டது. அத்தான் என்னை அந்த வருடமே மன்னித்துவிட்டார். நம்புவதை மட்டும் விட்டுவிட்டார். நான் எது சொன்னாலும் தலைகீழாகச் செய்வது அந்த வீட்டு வழக்கமாயிற்று.

போன மாதம் என்னை ரயிலேற்ற எல்லோரும் தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ரயில் இன்னும் பிளாட்பாரத்துக்கு வரவில்லை.

"உன் பெட்டி எங்கன நிக்கும் மாப்ளே?"

"முன்னால அத்தான். இன்ஜின் பக்கம்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா பைகளைத் தூக்கினாள். மொத்தக் குடும்பமும் பிளாட்பாரத்தின் பின்கோடிக்கு நடந்தது. பைகள் அவர்களிடம் இருந்ததால் நானும் நடந்தேன்.

பெட்டி அங்கேதான் வந்து நின்றது.