ஏறக்குறைய மாஸ்டர் ஏறிய உச்சி நிரை

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நவீன கணிதத்தைப் புகுத்தி, தாமே அதில் மாட்டிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ஏறக்குறைய மாஸ்டர்தான். வேறு யாராவது உண்டென்று நீங்கள் எழுதினாலும் நான் நம்பமாட்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குச் சற்றுப் பின்னால், இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒரே குவார்ட்டர்ஸ். அவருக்கு ஊர் யாழ்ப்பாணம். வெளிநாட்டு மைத்துனர் அனுப்பும் செயலி அட்சரகணிதம் என்ற உயர்கணிதக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, சோறு வேகும் நேரம் பார்த்து என்னைப் பிடித்துக்கொள்வார்.

"சோஃபிக் கூட்டம் எண்டால் என்ன தெரியுமோ? முடிவில்லாத அசைவுகளையும், முடிவுள்ள ஆக்களை இடம் மாத்தி ஏறக்குறையக் காட்டலாம். கொஞ்சப் பேருக்கு மட்டும் பிழை வரும்."

அதற்குள் சோறு அடிப்பிடித்திருக்கும். அந்த 'ஏறக்குறைய'வே அவருக்குப் பட்டப்பெயரானது.

ஒரு பள்ளி விடுமுறையில், காலைப் பெரட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள், வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையைச் சூழ்ந்து சண்டை போட்டார்கள். பறிக்க இலகுவான பாதையோரத் தேயிலை நிரையெல்லாம் அவருடைய சொந்தக்காரர்களுக்கு, பாறையோர உச்சி நிரை மற்றவர்களுக்கு என்றிருந்தது. என்னோடு வேடிக்கை பார்க்கப்போன மாஸ்டர் நடுவில் புகுந்தார்.

"தினமும் எல்லாரும் ஒரு நிரை கீழ இறங்குங்கோ. அடியில நிக்கிற ஆள் மட்டும் உச்சிக்குப் போகோணும். அந்த ஒராளைக் கணக்கில எடுக்கத் தேவையில்லை. ஒருத்தர் போற நிரைக்கெல்லாம் மற்றவவும் போனால் எல்லாரும் சமன். இதுதான் சமவலுத் தொடர்பு."

"இவரு மச்சினியும் போவாங்களா?" என்றாள் ஒருத்தி, கணக்கப்பிள்ளையைக் காட்டி.

"போவா."

அதற்குமேல் விளக்கம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கணக்கப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சில நாள் ஜோராக ஓடியது. பிறகு உச்சி நிரை மேரியக்காவுக்கு வந்தது. அவர் பிள்ளைத்தாச்சி. மழையில் மண் வேறு வழுக்கியது.

"கணக்குன்னா கணக்குதாங்க. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க," என்றார் கணக்கப்பிள்ளை, மாஸ்டரைப் பார்த்தபடி.

மேரியக்கா கோபப்படவில்லை. "அந்தக் கணக்குல எடுக்காத ஆளு நான்தானுங்களா, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

 மாஸ்டர் அவரிடமிருந்து கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்கள் கீழ நில்லுங்கோ. என்ர பிழையை நானே பாக்கிறன்."

மடிப்புக் கலையாத காற்சட்டையோடு உச்சிக்கு ஏறினார். மத்தியானம் இறங்கியபோது காலெல்லாம் அட்டை, கூடையெல்லாம் முற்றல் இலை.

"இது ஆட்டுக்கும் ஆகாதுங்க," என்று கணக்கப்பிள்ளை தராசிலிருந்து தள்ளிவிட்டார்.

 பெண்கள் முற்றலைக் கொட்டிவிட்டு, ஆளுக்கொரு கை கொழுந்தை அந்தக் கூடையில் போட்டார்கள். கணக்கப்பிள்ளையின் மச்சினியும் வந்து இரண்டு கை போட்டாள். நிறைந்த கூடை மேரியக்கா பேரில் நிறுக்கப்பட்டது.

மாஸ்டர் அட்டையைக்கூடப் பிடுங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய கணிதம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்த மனிதர்மேல் நான் வைத்திருந்த பிரியம் எவ்வளவு என்று, உப்பைத் தேய்த்து அவர் காலிலிருந்து ஒவ்வோர் அட்டையாக எடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.