எம்-78ஐ முதலில் பார்த்தது யார்?

சாந்தோம் பவுல்சாமி வாத்தியார் சபதமே எடுத்துவிட்டார். இந்த பிப்ரவரி முடிவதற்குள் எம்-78ஐப் பார்த்தே தீருவது. வானியல் மன்றத்தின் சுற்றறிக்கையில் பெயர் வந்தே தீருவது.

எம்-78 என்றதும் பஸ் நம்பர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரையன் என்கிற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மங்கலான தூசிமேகம். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பக்கத்து நட்சத்திரங்களின் வெளிச்சத்தை வாங்கித்தான் மினுங்கும்.

"நம்ம வீட்லயும் ஒருத்தர் அப்படித்தான்," என்றாள் மனைவி லூயிசா. யாரென்று வாத்தியாருக்குப் புரியவில்லை.

எட்டு வருஷமாகத் தேடுகிறார். மன்றத்திலேயே இதுவரை யாரும் பார்த்ததில்லை. கண்ணுக்குத்தான் அகப்படவில்லை, காகிதத்திலாவது பிடிப்போம் என்று மூன்று சனிக்கிழமை கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து அதன் ஜாதகத்தைத் தோண்டினார். வான்பொருள் பட்டியலில் சேர்த்தவர் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சுக்காரர், அதனால்தான் எம். ஆனால் 1780-ல் முதலில் கண்டவர் அவர் நண்பர் மெஷான். மெஸ்ஸியே அதை நேர்மையாக எழுதியும் வைத்தார். ஊர்தான் மறந்துவிட்டது. வாத்தியாருக்கு வந்ததே கோபம்! நாலு பக்கம் கட்டுரை தீட்டினார். 'முதலில் பார்த்தவர் பெயரே முதலில் வரவேண்டும். மறைப்பது திருட்டு.'

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலவாக்கத்தில், மச்சினி ஜொவிட்டா வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்தினார். தொண்ணூற்று மூன்றில் பாலவாக்கத்தில் சவுக்குத்தோப்பும் அலைச்சத்தமும்தான். ஏழரை மணிக்கே நட்சத்திரம் கொட்டிக்கிடக்கும். இன்றைக்கு அந்த இருட்டை நினைத்தால் மனசு ஏங்குகிறது.

அரைமணி நேரம் முறைத்தார். ஒன்றும் இல்லை.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்," என்றாள் கூட வந்திருந்த லூயிசா.

"உனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாமத்தான் கேக்கறேன்." குனிந்தாள். "ரெண்டு குட்டி நட்சத்திரம் கீது. சுத்தி, கண்ணாடியில மூச்சுவிட்டாப்ல ஒரு மூட்டம். இதானா?"

வாத்தியார் பாய்ந்து பார்த்தார். வெறும் கருப்பு.

"நேரா முறைச்சா தெரியாதுங்க. ஓரக்கண்ணால பாக்கணும். இருபத்தாறு வருஷமா உங்களை அப்படித்தானே பாத்துக்கினு கீறேன்? ஒண்ணு விடாம தெரியுதே."

"ஆங், தெரியுது தெரியுது," என்றார் வாத்தியார். சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை.

மறுநாளே குறிப்பு எழுதினார்: 'எம்-78. முதலில் பார்த்தவர்: பவுல்சாமி.' எழுதும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆனாலும் எட்டு வருஷ ஆசையாயிற்றே. அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால், கல்யாணமான நாள் முதல் எல்லாவற்றையும் நல்ல பிரதி எடுப்பது லூயிசாதான். பழக்கதோஷம், கட்டுரையோடு சேர்த்து அந்தக் குறிப்பையும் அவளிடமே நீட்டிவிட்டார்.

அவள் இரண்டையும் நிதானமாகப் படித்தாள்.

"கட்டுரையில இன்னா சொல்லியிருக்கீங்களோ, அதும்படி எழுதிடட்டா?"

"அதும்படியே எழுது. ஒரு எழுத்து மாறக்கூடாது," என்றார் பெருமையாக. அவள் எழுதி முடித்ததும் படிக்காமலே கையெழுத்தும் போட்டார்.

பத்து நாளில், சைக்ளோஸ்டைல் மை வாசனையோடு சுற்றறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் கட்டுரை. வாத்தியார் பூரித்துப்போனார். பக்கத்தைத் திருப்பினார்.

'எம்-78. முதலில் பார்த்தவர்: திருமதி லூயிசா பவுல்சாமி.'

அடுக்களைக்கு ஓடினார். "இன்னா லூயிசா இது?"

"ஏன், மறைக்கிறது திருட்டுன்னு நீங்கதானே எழுதினீங்க? தப்புன்னா சொல்லுங்க. மறுப்பு எழுதி அனுப்பிடலாம்."

உண்மையைச் சொன்னால், அவளை நினைத்து வாத்தியாருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குள் வாசலில் மன்றச் செயலாளர் வலியுல்லாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. திருவல்லிக்கேணியிலிருந்து நேராக வந்திருந்தார்.

"அடுத்த கூட்டத்துல மேடம்தான் பேசணும், எப்படிப் பாத்தாங்கன்னு. நீங்களும் அவசியம் வரணும் சார்."

வாத்தியார் முகம் மலர்ந்தது. "நானும் ரெண்டு வார்த்தை பேசவா?"

"பேச்சு அவங்க பாத்துப்பாங்க சார். தொலைநோக்கியைத் தூக்க ஆள் வேணாமா?"