குடை பிடித்துப் பால் வெட்டிய விவரம்

கோலா சாவா தோட்டம், மலாயா,
1929, ஆவணி.

கெமாஸ் ரயில் நிலையத்தில் பெரிய உத்தியோகம் பார்க்கும் என் அம்மான் அவர்களுக்கு, மருமகன் தம்பிராஜா அடக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் சுகம். தாங்களும் மாமியும் குறைவின்றி இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

நிற்க. இந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்து நான்கு மாதமாகிறது. இன்னும் எனக்கென்று இங்கே ஒரு மனிதர் இல்லை. என்னோடு ஒரே ரயிலில் வந்திறங்கிய சிவானந்தன், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவன், அவனுக்கோ கூலியாட்கள் குடியிருக்கும் லயமெல்லாம் உறவு. மூன்றாம் நாளே ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டான். என்னிடம் வருகிறவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள், புருஷன் அடித்ததைச் சொல்லி அழுவார்கள், நான் "ம்" என்பேன், எழுந்து போய்விடுவார்கள். அவ்வளவுதான் சிநேகம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று தாங்கள் அடிக்கடி சொல்வதை எண்ணி, நானும் இவர்கள் சிரிக்க ஒரு பகிடி விடுவதென்று தீர்மானித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, வானம் கறுத்துக் கிடந்தது. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே, "நாளை எல்லாரும் குடையோடு வாருங்கள், பிடித்துக்கொண்டே வெட்டலாம்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் இராஜமாணிக்கம் மட்டும், "ஆகட்டுங்க" என்றார். என் முகத்தில் பகிடி நிற்காது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. மறுநாள் நாற்பது பேரும் குடையோடு வந்து நின்றார்கள். குடை இல்லாதவர்கள் வாழையிலை. மழையோ ஒரு துளி இல்லை. அவர்களில் அர்ச்சுனன் என்பவன் குடைக்காம்பைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், அந்த நேரம் பார்த்துத் துரை வந்து சேர்ந்தார். "யார் சொன்னது? சொன்ன ஆளை இன்றைக்கே ரயில் ஏற்றுவேன்" என்றார். நான் பெயர்ப் புத்தகத்தைப் புரட்டினேன். நாற்பது பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு பால் வெட்டுகிற முத்தாயி முன்னே வந்து, "யாரும் சொல்லலீங்க தொரே. எங்களுக்கே தோணுச்சு" என்றாள்.

"நாற்பது பேருக்கும் ஒரே நேரத்திலா?"

"ஒரே லயம்தானுங்களே."

ஞாயிற்றுக்கிழமையும் அத்தனை பேரும் புல் வெட்ட வேண்டும் என்று தண்டனை போட்டுவிட்டுத் துரை போனார்.

அம்மான், என் துக்கத்தைப் பாருங்கள். நான்கு மாதமாக நாள்தோறும் இவர்கள் பெயரைக் கூப்பிட்டவன் நான். நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட என் பெயரைச் சொல்லத் தோன்றவில்லை. நான் இருப்பதே இவர்களுக்கு நினைவில்லை. ஆகையால் கெமாஸில் காலியாக இருப்பதாகத் தாங்கள் எழுதிய அந்த வேலையிடத்தை எனக்கு எப்படியாவது வாங்கித் தரவும்.

மாமிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர்க.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
தம்பிராஜா.

பி.கு.: உறையை ஒட்டும்போது சிவானந்தன் வந்தான். கண் கலங்கியிருந்தது. "எனக்கு இங்க ஒருத்தரும் இல்லை அண்ணை. எல்லாரும் என்னோட சிரிக்கினம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லினமில்லை. குடைச் சங்கதி என்னெண்டு முத்தாயியக் கேட்டன். 'அது எங்க கிராணி விசயம், வெளியாளுக்கு எதுக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா" என்றான். நான் "ம்" என்றேன். கெமாஸ் இடத்தை அவனுக்கு வாங்கித் தரவும். ஞாயிற்றுக்கிழமை நானும் புல் வெட்டப் போக வேண்டும்.