இத்தாலிக்காரர் ஊத்திக் குடுத்த துவர்ப்பு

வெத்தல போடுற பொம்பளைக்குத் துப்புறதப் பத்தி யாரும் பாடம் எடுக்கக் கூடாது. எடுத்தா என்ன ஆகும்னு எங்க கம்பத்துத் தோட்டத்துல ஒரு வெள்ளச் சட்டை அனுபவிச்சிருக்கு. (சட்டைக்குள்ள இருந்தவரும்தான். ஆனா சட்டைக்குத்தான் சேதாரம் ஜாஸ்தி.)

அப்பப் பட்டன் செல்போன் வந்த புதுசு. பன்னீர் திராட்சைய வெல கேக்க நாதியில்ல. எங்கப்பா எனக்குச் சீதனமாக் குடுத்த தோட்டம் அது. எங்க வீட்டுக்காரர் ஒரே முடிவாச் சொல்லிட்டாக.

"ஒயின் கம்பெனி நம்ம தோட்டத்த எடுத்துக்கிட்டா அவுக சொல்ற கொடிய நடுவோம். எடுக்காட்டி பிளாட்டு போட வித்துருவோம். இனிமே என்னால முடியாது புள்ள."

கம்பெனி மேனேஜரு ஒரு இத்தாலிக்காரரக் கூட்டிட்டு வந்தாரு. தாடியும் தொப்பியுமா, தென்னமரத்துல பாதி ஒசரம். அவரு சரின்னாத்தான் கம்பெனி சரிங்கும். மனுசன் மண்ண அள்ளி மோந்து பாத்தாரு. கொஞ்சம் வாயிலயும் போட்டாரு. பசியில மண்ணத் திங்கிறாரேன்னு ஆட்டுக்கறிச் சுக்காவ வறுத்து, பந்தலுக்கடியில பெஞ்சப் போட்டு, மேல வெள்ள வேட்டிய விரிச்சு எல வச்சேன்.

கறி வாசனை பிடிச்சதும் அவரு ஜீப்புக்கு ஓடிப் போயி ஒரு பாட்டிலக் கொண்டாந்தாரு. தூசி படிஞ்ச பாட்டிலு. திருகாணி மாதிரி ஒன்ன விட்டு மூடியப் பிடுங்கிட்டு, ஊத்தாமச் சும்மா வச்சுட்டாரு. ஈ விழுந்துருமேன்னு நான் தட்டப் போட்டு மூடினேன். அவரு எடுத்தாரு. நான் திரும்பவும் மூடினேன். அவரு சிரிச்சுக்கிட்டே எடுத்துத் தட்ட மடியில வச்சுக்கிட்டாரு.

"காத்து படணும்மா. அப்பத்தான் தெளியும்"னாரு மேனேஜரு.

"எம்புட்டு நாளா மூடி வச்சிருந்தாராம்?"

மேனேஜரு கேட்டுச் சொன்னாரு. கணக்குப் போட்டுப் பாத்தா எனக்குத் தாலி ஏறுன வருசம்! அது பாட்டிலுக்குள்ள கெடந்த காலம் பூரா நான் அடுப்படியில கெடந்துருக்கேன். எனக்கு மூடியத் தொறக்கத்தான் ஆளு வரல.

எனக்கும் ஒரு கிளாசுல ஊத்தி நீட்டினாரு. எங்க குடும்பத்துல பொம்பளைக இருமலுக்குக் கூட அந்த மாதிரி தண்ணியத் தொட்டதில்ல. நான் பின்னால நகந்தேன். வீட்டுக்காரர் காதுகிட்ட வந்து, "வாங்கிக் குடிச்சிரு புள்ள. அந்தாளு மொகம் சுருங்குச்சுன்னா போச்சு. தோட்டமே இப்ப உன் தொண்டையிலதான் இருக்கு"ன்னாக.

இத்தாலிக்காரரு மொதல்ல செஞ்சு காட்டினாரு. கிளாசச் சொழட்டினாரு, மோந்தாரு, ஒரு வாய் உறிஞ்சி களகளன்னு கொப்புளிச்சாரு. பெறவு கொடி வேருப் பக்கம் திரும்பிப் புளிச்சுன்னு துப்பினாரு.

எனக்கு உசுரு வந்துச்சு. அட, இம்புட்டுத்தானா! வெத்தலைக்கு மொதத் தண்ணியத் துப்பிட்டு ரெண்டாவது தண்ணிய முழுங்குவோம்ல, அதே சாத்திரம்தான்னு நெனச்சேன். ஊரு வேற, மொறை ஒன்னு.

வாயில ஊத்தினேன். அம்மாடி! பச்ச வாழப்பூவையும் கொட்டப்பாக்கையும் சேத்தரைச்சு ஈறு பூரா பூசி விட்டாப்புல இருந்துச்சு. நாக்கு போயி அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. கன்னம் ரெண்டும் உள்ள போயி ஒன்னையொன்னு நலம் விசாரிச்சுச்சு. பாக்கு போட்டுப் பழகுன வாய்க்கே அந்தக் கதின்னா பாத்துக்கங்க.

பழக்கதோசம், ரெண்டு விரல ஒதட்டுல வச்சேன். ஒரே பீச்சு. பந்தக்காலத் தாண்டிப் போயி விழணும்னு குறி. அந்த நேரம் பாத்து, போட்டோ எடுக்குறேன்னு மேனேஜரு அந்தக் காலுக்குப் பின்னால இருந்து வெளிய வந்தாரு.

காலர்ல ஆரம்பிச்சு பாக்கெட்டு வரைக்கும் செகப்புக் கோடு.

"அடிப் பாவி மகளே!"ன்னு வீட்டுக்காரர் தலையில கைய வச்சுட்டாக. நான் ஓடிப் போயி முந்தானையால தொடச்சேன். தொடைக்கத் தொடைக்கக் கோடு பரவி அகலமாச்சு. மேனேஜரு, "விடுங்கம்மா, விடுங்கம்மா"ங்குறாரு. பல்லு மட்டும் நறநறங்குது. இத்தாலிக்காரரு என்னன்னா நான் துப்புன தூரத்தக் கண்ணால அளந்து பாத்துட்டுக் கை தட்டுறாரு.

அதோட விட்டாரா? ஒரு துண்டு கறிய என் கையில குடுத்து, தின்னுட்டு இன்னொரு வாய் குடின்னு சைகை காட்டினாரு. கறி மென்ன வாயோட ஊத்திக்கிட்டேன். இந்தத் தடவ துப்பல.

அத எப்படிச் சொல்றது? அந்தத் துவர்ப்பு கறிக் கொழுப்போட சேந்து பட்டு மாதிரி எறங்குச்சு. சாமி படத்துல காஞ்சு தொங்குற ரோசாப்பூ மாலை மணத்துச்சு. கூடவே ரோடு போடுறப்ப காய்ச்சுவாகள்ல தாரு, அதுவும் மணத்துச்சு. ரோசாவும் தாரும் ஒரு வாயில எப்படி இருக்கும்? இருந்துச்சே! முழுங்கின பெறகும் போகல. ஒன்னு போயி ஒன்னு வந்துகிட்டே இருந்துச்சு. பேசாம உக்காந்துட்டேன். நான் பேசாம இருந்து எங்க வீட்டுக்காரர் பாத்தது அன்னைக்குத்தான். போதை ஏறிருச்சுன்னு பயந்து மோர் கரைக்க ஓடிட்டாக.

"இத யாரு செஞ்சது?"ன்னு கேட்டேன்.

மேனேஜரு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டே கேட்டுச் சொன்னாரு. "அவங்கப்பாவாம். செஞ்ச புதுசுல வாயில வைக்க முடியாத துவர்ப்பாம். தன் காலத்துல அடங்காட்டியும் மகன் காலத்துல அடங்கும்னு மூடி வச்சுட்டாராம். அடங்குறதுக்கு முன்னாடி அவரு எறந்துட்டாராம்."

தான் குடிக்கப் போறதில்லன்னு தெரிஞ்சும் ஒரு மனுசன் அத மூடி வச்சிருக்கான். கிளாசுல மிச்சம் இருந்தத ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன், கோயில் தீர்த்தம் மாதிரி.

கம்பெனி எங்க தோட்டத்த எடுக்கல. கெணத்துத் தண்ணி உப்பாம். அன்னைக்குச் சாப்பாட்டுக்கு அதே தண்ணியத்தான் செம்பு செம்பா வாங்கிக் குடிச்சாரு மேனேஜரு! காரணம் தண்ணியா சட்டையான்னு அவருக்குத்தான் வெளிச்சம்.

பிளாட்டுக்காரன் பத்திரத்தோட வந்து நின்னான். வீட்டுக்காரர் பேனாவ என் கையில திணிச்சாக. எனக்கு வாயில அந்த மணம் திரும்ப வந்தாப்புல இருந்துச்சு. பேனாவக் கீழ வச்சுட்டேன்.

"என்ன புள்ள?"

"துவர்ப்பு இன்னும் அடங்கலங்க. அடங்கட்டும், பெறவு பாப்போம்."

"இதெல்லாம் ஒரு பதிலா?"ன்னு குதிச்சாக. அன்னையில இருந்து எங்க வீட்டுல எதத் தள்ளிப் போடணும்னாலும் இதான் பேச்சு. பேரனப் படிடான்னு சொன்னா, "எனக்குத் துவர்ப்பு அடங்கல ஆத்தா"ங்குறான்.

சுத்தி இருந்த தோட்டமெல்லாம் வீடாயிருச்சு. போன வாரமும் ஒரு புரோக்கரு வந்தான். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் தோட்டத்து வாசல்லயே போயி மறிச்சுச் சொல்றாக:

"தம்பி, அவளுக்கு இன்னும் அடங்கல. எனக்கும் இப்பத்தான் லேசா துவர்க்க ஆரம்பிச்சிருக்கு. நீங்க போயிட்டு வாங்க."